முறை வருமுன் சொன்ன 400 டாலர்

இந்த வாரக் கடிதத்தை எழுதியவருக்கு 34 வயது. கோவைக்காரர். அரிசோனாவில் எச்-1பி விசாவில் மென்பொருள் வேலை பார்க்கிறார். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

நண்பர்கள் வீட்டில் வார இறுதிகளில் போக்கர் ஆடிப் பழகியவர், போன மாதம் லாஸ் வேகாஸ் போயிருக்கிறார். ஒரு காசினோவின் போக்கர் அறையில், 2/5 டாலர் நோ-லிமிட் ஹோல்டம் (கட்டாய ஆரம்பப் பந்தயம் 2, 5 டாலர், அதற்குமேல் பந்தயத்துக்கு வரம்பு இல்லாத போக்கர் வகை) மேசையில் உட்கார்ந்திருக்கிறார். இரவு பதினொரு மணி வாக்கில் ஓர் ஆட்டம். கடைசிச் சீட்டான ரிவர் விழுந்தபோது மூன்று பேர் மிச்சம். முதலில் ஆட வேண்டியவர் ஒரு பெரியவர். அடுத்து நம் வாசகர். கடைசியில் தொப்பி போட்ட ஓர் இளைஞர். எல்லோரும் போட்ட பணம் சேரும் 'பாட்'-இல், அதாவது மேசை நடுவே, 310 டாலர் சேர்ந்திருந்தது. வாசகர் கையில் மூன்று ஒன்பது.

பெரியவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே தொப்பிக்காரர் "நானூறு" என்று சொல்லிச் சிப்ஸை, அதாவது பணத்துக்குப் பதிலான வில்லைகளை, முன்னால் தள்ளிவிட்டார். சீட்டுப் போடும் ஊழியரான டீலர் கையை நீட்டித் தடுத்து, முறை பெரியவருடையது என்றார். பெரியவர் மேசையைத் தட்டி செக் செய்தார், அதாவது பணம் வைக்காமல் முறையைக் கடத்தினார். அடுத்து நம் வாசகர். தொப்பிக்காரர் எப்படியும் 400 போட்டே ஆக வேண்டும் என்று நம்பி, இவர் 150 டாலர் பெட் (பந்தயம்) வைத்தார். உடனே தொப்பிக்காரர் 400-ஐயும் திரும்ப எடுத்துக்கொண்டு சீட்டைக் கவிழ்த்துவிட்டார். பெரியவரும் ஃபோல்ட், அதாவது சீட்டைக் கவிழ்த்து விலகிவிட்டார். "என் 400 டாலரைப் பறித்துவிட்டார்கள்" என்று இவர் சண்டை போட, ஃப்ளோர் எனப்படும் அறை மேற்பார்வையாளர் வந்து, நிலைமை மாறிவிட்டது, அவர் எடுத்துக்கொள்ளலாம் என்று முடித்துவிட்டார். சத்தம் கூடியதில் காவலாளி வந்து இவரை வெளியே அழைத்துப் போயிருக்கிறார்.

அவருடைய கேள்விகள் மூன்று. இது மோசடி இல்லையா? 500 டாலருக்குக் குறைவு என்பதால் புகார் கொடுக்க முடியாது என்று நண்பர் சொல்வது சரியா? புகார் கொடுத்தால் போலீஸ் கேஸாகி விசாவுக்குப் பிரச்சினை வருமா என்று மனைவி பயப்படுகிறார், அது உண்மையா?

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். சட்டம் படித்துக்கொண்டிருந்த காலத்தில் நான்கு வருடம் இரவு நேரத்தில் போக்கர் டீலராக வேலை பார்த்தவன் நான். நீங்கள் சொல்லும் காட்சி என் கண் முன்னால் பல தடவை நடந்திருக்கிறது. அந்த நேரத்தில் ஒருவருக்கு வயிறு எரிவதும் எனக்குத் தெரியும். அதனால் நேராகவே சொல்கிறேன்: அந்த 400 டாலர் விஷயத்தில் ஃப்ளோர் சொன்ன தீர்ப்பு பெரும்பாலான அறைகளின் விதிப்படி சரியானதுதான். ஆனால் நீங்கள் போகிற போக்கில் ஒரு வரியில் எழுதிவிட்டுப் போன இன்னொரு ஆட்டம் இருக்கிறதே, அதில்தான் உங்களுக்கு அநியாயம் நடந்திருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முறை தவறிய பேச்சு எப்போது கட்டுப்படுத்தும்?

வீட்டு ஆட்டத்தில், "வாய் விட்டால் விட்டதுதான்" என்று ஆடியிருப்பீர்கள். கல்யாண மண்டபத்தில் விடிய விடிய ரம்மி ஆடுபவர்கள் அதற்கு நேர் எதிர். முறை வராமல் சீட்டை எடுத்தால், "உன் முறை இல்லப்பா, வை" என்பார்கள், வைத்துவிட்டு ஆட்டம் தொடரும். காசினோ போக்கர் இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழியைப் பிடித்திருக்கிறது.

போட்டிகளுக்கு விதி வகுக்கும் டூர்னமென்ட் டைரக்டர்ஸ் அசோசியேஷன் 2001-இல் உருவானது. அதன் விதியின் சாரம் இது. முறை தவறி யாராவது ஆடினால், ஆட்டம் சரியான ஆளிடம் திரும்பப் போகும். அவர் செக் செய்தாலோ, ஃபோல்ட் செய்தாலோ, ஏற்கெனவே இருக்கும் பெட்டுக்குச் சமமாகப் போட்டு கால் செய்தாலோ, நிலைமை மாறவில்லை என்று பொருள். அப்போது முறை தவறியவர் சொன்னது அவரைக் கட்டுப்படுத்தும். நடுவில் யாராவது பெட் வைத்தாலோ, இருக்கும் பெட்டைக் கூட்டி ரெய்ஸ் செய்தாலோ நிலைமை மாறிவிட்டது. அவருடைய பணம் அவருக்கே திரும்பும். கால், ரெய்ஸ், ஃபோல்ட் மூன்றுமே மறுபடி அவர் கையில். முறை தவறிச் சொன்ன ஃபோல்ட் மட்டும் எப்போதுமே ஃபோல்ட்தான். நீங்கள் ஆடியது போட்டி இல்லை, ஒவ்வொரு ஆட்டத்திலும் நேரடியாகப் பணம் வைத்து ஆடும் கேஷ் கேம். அதற்கு ஒவ்வொரு அறைக்கும் தனி விதி உண்டு என்றாலும், பல அறைகள் இதே தர்க்கத்தைத்தான் பின்பற்றுகின்றன.

இதை வழக்கறிஞர் மொழியில் சொன்னால் உங்களுக்கு இன்னும் எளிதாகப் புரியலாம். தொப்பிக்காரர் சொன்ன 400, ஒரு நிபந்தனையோடு வந்த வாக்கு. "எனக்கு முன்னால் யாரும் பெட் வைக்கவில்லை என்றால் 400." பெரியவர் செக் செய்தபோது அந்த நிபந்தனை உடையவில்லை. நீங்கள் 150 வைத்ததும் உடைந்துவிட்டது. அவர் மனதில் வைத்துப் பேசிய நிலைமையே இப்போது இல்லை. ஆகவே வாக்கும் இல்லை.

சொல்லக் கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லியாக வேண்டும். நீங்கள் வெறுமனே மேசையைத் தட்டி செக் செய்திருந்தால், அந்த 400 நடுவில் நின்றிருக்கும். பெரியவர் முடிவெடுத்த பிறகு முறை உங்களிடம் வந்திருக்கும். கையில் மூன்று ஒன்பது, எதிரே எடுக்க முடியாத 400. கால் செய்திருக்கலாம், ரெய்ஸும் செய்திருக்கலாம். விதியைப் பற்றிய ஒரு தவறான எண்ணம் அந்த வாய்ப்பைக் கெடுத்துவிட்டது. இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த ஆட்டத்தில் ஜெயித்தது நீங்கள்தான். 310 டாலர் பாட் உங்களிடம்தான் வந்தது. உங்கள் பையிலிருந்து 400 போகவில்லை. வந்திருக்கக்கூடிய 400 வரவில்லை. புகார் எழுதும்போது இந்த வித்தியாசம் முக்கியம்.

அப்புறம், விதி ஏன் இப்படி இருக்கிறது என்றும் யோசித்துப் பாருங்கள். முறை தவறியவரை எந்த நிலையிலும் விடமாட்டோம் என்றால், நடுவில் இருப்பவர் 5 டாலர் வைத்துவிட்டு அவருடைய 400-ஐ ரெய்ஸாக்கி மாட்டவைக்கலாம். எந்த நிலையிலும் கட்டுப்படுத்தாது என்றால், ஒருவர் வேண்டுமென்றே பெரிய தொகையைக் கூவி முன்னால் இருப்பவர்களைப் பயமுறுத்தி செக் செய்யவைத்து, பிறகு "தெரியாமல் சொல்லிவிட்டேன்" என்று தானும் சும்மா செக் செய்துகொள்ளலாம். விதி இந்த இரண்டு பக்கத்தையும் அடைக்கப் பார்க்கிறது.

இது மோசடியா?

தொப்பிக்காரர் அதே இரவில் முன்பும் ஒரு தடவை இப்படிச் செய்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அது வேண்டுமென்றே செய்ததாக இருக்கலாம். போக்கர் அறைகளில் இதை ஆங்கிள் ஷூட்டிங் என்பார்கள். விதியின் சந்துபொந்துகளில் புகுந்து மற்றவரை ஏமாற்றும் வேலை. ஒழுக்கக்கேடான காரியம், சந்தேகமில்லை. ஆனால் லாஸ் வேகாஸ் இருக்கும் நெவாடா மாநிலத்தின் சட்டத்தில் சூதாட்ட மோசடி என்பது வேறு. ஆட்டத்தின் முடிவை நிர்ணயிக்கும் விஷயங்களை மாற்றுவது அதன் அடிப்படை: சீட்டில் குறி வைப்பது போன்ற செயல்கள். அவசரப்பட்டு "நானூறு" என்று சொன்னதை அந்த வரையறைக்குள் கொண்டுவர முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அதனால், தயவுசெய்து ஒன்று செய்யுங்கள். தொப்பிக்காரரின் படத்தோடு "இவன் திருடன்" என்று இரண்டு வாட்ஸாப் குழுக்களில் போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். இன்றைக்கே அழித்துவிடுங்கள். நிரூபிக்க முடியாத குற்றத்தை ஒருவர் தலையில் ஏற்றுவது அவதூறு வழக்குக்கு வழிவிடும். அந்த வழக்கில் பிரதிவாதி நீங்களாக இருப்பீர்கள்.

காசினோ அவர் பக்கம் சாய்ந்தது என்ற சந்தேகத்தையும் விட்டுவிடலாம். பிளாக்ஜாக்கில் நீங்கள் ஆடுவது காசினோவுக்கு எதிராக. போக்கரில் அப்படியில்லை, ஆடுபவர்கள் ஒருவர் பணத்தை ஒருவர் எடுக்கிறீர்கள். காசினோ எடுப்பது பாட் தொகையிலிருந்து ஒரு சிறு பங்கு. நெவாடாவில் அது 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அந்த 400 யாருக்குப் போனாலும் ஃப்ளோருக்கு ஆதாயம் இல்லை.

நீங்கள் கவனிக்காமல் விட்ட ஆட்டம்

இப்போது உங்கள் கடிதத்தின் இரண்டாம் பக்கம். "அதற்கு ஒரு மணி நேரம் முன்பு என் கையையே செத்த கை என்று சொல்லிவிட்டார்கள், அது என் தப்பு, பரவாயில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். செத்த கை என்றால், அந்த ஆட்டத்தில் உங்கள் சீட்டுகள் செல்லாது என்று பொருள். அது உங்கள் தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை.

நீங்கள் விவரித்தபடி, ஐந்து பேர் தலைக்கு 25 டாலர் போட்டு முதல் மூன்று பொதுச் சீட்டுகளைப் பார்த்தீர்கள். முதலில் ஆட வேண்டியவர் உங்கள் வலப்பக்கம் இருந்தவர். அவர் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தார். நீங்கள் அவருக்காகக் காத்திருந்தீர்கள். அதற்குள் உங்கள் இடப்பக்கம் இருந்தவர் தன் முறை என்று நினைத்து 60 வைத்தார், அடுத்தவர் ஃபோல்ட், அதற்கடுத்தவர் கால். அப்போதுதான் நீங்கள் "நான் இன்னும் ஆடவில்லையே" என்றீர்கள். மூன்று பேர் ஆடி முடித்துவிட்டார்கள், உங்கள் உரிமை போய்விட்டது என்றார் ஃப்ளோர்.

தாண்டிப் போகப்பட்டவர் தன் உரிமையைத் தானே காக்க வேண்டும் என்பது உண்மைதான். போதுமான நேரம் இருந்தும் வாயைத் திறக்காமல், தனக்குப் பின்னால் மூன்று பேர் ஆடும்வரை விட்டால், கை செத்ததாக அறிவிக்கப்படலாம். போட்டி விதிகளில் பணம் உள்ளே போனால் இரண்டு பேர் ஆடியதே போதும். ஆனால் பாப் சியாஃபோன் தொகுத்து, பல போக்கர் அறைகள் தங்கள் விதிகளுக்கு அடிப்படையாக வைத்திருக்கும் விதித்தொகுப்பில் இதற்கு ஒரு தெளிவான விலக்கு இருக்கிறது. உங்களுக்கு முன்னால் ஆட வேண்டியவர் இன்னும் ஆடவில்லை என்றால், உங்கள் உரிமை போகாது. பின்னால் எத்தனை பேர் ஆடியிருந்தாலும் சரி. காரணம் எளிது: உங்கள் முறையே இன்னும் வரவில்லை. வராத முறையை எப்படி இழக்க முடியும்? அன்றைக்கு வாயைத் திறந்திருக்க வேண்டியவர் உங்கள் வலப்பக்கத்துக்காரர். அவர் உரிமை போனதா என்று ஃப்ளோர் யோசித்திருக்கலாம். உங்களுடையதைத் தொட்டிருக்கக் கூடாது.

டீலராக இருந்த காலத்தில் இதே மாதிரி ஓர் ஆட்டத்தில் நானும் கவனம் தவறியிருக்கிறேன். அன்று ஒரு பெண்மணி, என்னைப் பார்த்துத்தான், அமைதியாக, "எனக்கு முன்னால் ஆடுபவர் இன்னும் ஆடவில்லை" என்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். ஃப்ளோர் வந்தார், எல்லாச் சிப்ஸும் பின்னால் போயின, ஆட்டம் சரியான ஆளிடமிருந்து மறுபடி தொடங்கியது. அந்த ஒரு வாக்கியம் உங்களுக்குத் தெரிந்திருந்தால் என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

புகார் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். நெவாடா கேமிங் கண்ட்ரோல் போர்டு 1955-இலிருந்து இயங்கும் அரசு அமைப்பு. ஆடுபவருக்கும் காசினோவுக்கும் நடுவே வரும் தகராறுகளைப் பற்றிச் சொல்வது மாநிலச் சட்டத்தின் 463.362 பிரிவு. கிடைக்க வேண்டிய பணம் மட்டுமில்லை, ஆட்டம் நடத்தப்பட்ட விதம் பற்றிய தகராறும் அதில் அடங்கும். உங்கள் நண்பர் சொன்ன 500 டாலர் கணக்கு இந்தப் பிரிவில்தான் இருக்கிறது, ஆனால் அதை அவர் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறார். தகராறு 500 டாலரோ அதற்கு மேலோ என்றால், காசினோவே உடனடியாக போர்டுக்குத் தெரிவிக்க வேண்டும். அதற்குக் குறைவு என்றால், விசாரணை கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு என்பதைக் காசினோ உங்களிடம் சொல்ல வேண்டும். உங்களிடம் யாரும் சொல்லவில்லை என்றால், அதையும் புகாரில் எழுதுங்கள்.

போர்டின் முடிவு பிடிக்கவில்லை என்றால், அது கையில் கிடைத்த 20 நாளுக்குள் மறுபரிசீலனை கேட்கலாம். அந்தக் கட்டத்தில் நிரூபிக்கும் பாரம் கேட்பவருடையது. இது கிரிமினல் வழக்கு இல்லை, நிர்வாக விசாரணை. புகார் கொடுப்பதால் உங்கள் மீது எந்தக் குற்றப் பதிவும் ஏறாது என்று மனைவியிடம் சொல்லுங்கள்.

ஜெயிக்கும் வாய்ப்பு? அந்த 400 டாலர் விஷயத்தில் வாய்ப்பு குறைவு என்றே நினைக்கிறேன். ஒரே ஒரு இடத்தில் உங்களுக்குப் பிடி இருக்கிறது. பெரியவர் செக் செய்வதற்கு முன் டீலர் "நானூறு நிற்கும்" என்று சொன்ன மாதிரி ஞாபகம் என்கிறீர்கள். அவர் "நிலைமை மாறாவிட்டால் நிற்கும்" என்று சொல்லியிருந்தால் உங்கள் வாதம் முடிந்தது. "நிற்கும்" என்று மட்டும் சொல்லி, அதை நம்பி நீங்கள் 150 வைத்திருந்தால், அறையின் ஊழியரே உங்களைத் தவறாக வழிநடத்தினார் என்று வாதிடலாம். விதியின் எழுத்தைவிட நியாயத்துக்கு முன்னுரிமை கொடுக்கும் அதிகாரம் ஃப்ளோருக்கு உண்டு. ஆனால் ஆதாரம்தான் சிக்கல். கேமராவில் காட்சி இருக்கும், மேசையில் பேசிய பேச்சு பெரும்பாலும் இருக்காது. காட்சியையும் காசினோ என்றென்றும் வைத்திருக்காது. ஒரு மாதம் கடந்துவிட்டது. மேசையில் இருந்த யாருடைய தொடர்பாவது உங்களிடம் இருந்தால், அதுதான் இப்போது மதிப்புள்ளது.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதலில் போக்கர் அறை மேலாளருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புவேன். கோபம் இல்லாமல், தேதி, நேரம், மேசை எண், இரண்டு ஆட்டங்களின் வரிசை, யார் என்ன சொன்னார் என்பதை மட்டும் எழுதி, முறை தவறிய ஆட்டம் குறித்த அந்த அறையின் எழுத்து விதியைக் கேட்பேன். செத்ததாக அறிவித்த கையை முதலிலும், 400-ஐ இரண்டாவதாகவும் வைப்பேன். பதிலைப் பார்த்துவிட்டு போர்டுக்குப் போவதா என்று முடிவு செய்யலாம்.

விசாவுக்கு உண்மையான ஆபத்து எங்கே?

மனைவியின் பயம் தவறான இடத்தில் இருக்கிறது, ஆனால் பயமே தேவையில்லை என்று சொல்ல மாட்டேன். காவலாளி உங்களை வெளியே அனுப்பும்போது என்ன சொன்னார் என்று நினைவுபடுத்திப் பாருங்கள். "இன்றைக்குப் போய்விட்டு நாளை வாருங்கள்" என்றாரா, இல்லை அடையாள அட்டையை வாங்கிப் பார்த்து, இனி இந்த வளாகத்துக்குள் வரக் கூடாது என்று எச்சரித்தாரா? இரண்டாவது என்றால், திரும்பப் போவது நெவாடாவில் அத்துமீறி நுழைந்த குற்றம். சிறு குற்றம்தான். ஆனால் கைது ஆனால், அடுத்த விசா விண்ணப்பத்தில் "எப்போதாவது கைதாகியிருக்கிறீர்களா" என்ற கேள்விக்கு ஆம் என்று எழுத வேண்டிவரும். எது சொன்னார் என்று உறுதியாகத் தெரியாவிட்டால், மேலாளரிடம் எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளும்வரை அந்தப் பக்கம் போகாதீர்கள். நியாயம் கேட்கப் போகிறேன் என்று நேரில் போகவே வேண்டாம்.

அடுத்த முறை மேசையில்

உட்காரும்போதே அந்த அறையின் விதியைக் கேட்டுவிடுங்கள். யாராவது முறை தவறிப் பேசினால், உங்கள் சிப்ஸைத் தொடாதீர்கள். "டைம்" என்று சத்தமாகச் சொல்லுங்கள், அது ஆட்டத்தை நிறுத்தும் சொல். டீலரிடம், "நான் பெட் வைத்தால் அவருடைய தொகை என்ன ஆகும்?" என்று கேளுங்கள். பதில் குழப்பமாக இருந்தால் ஃப்ளோரைக் கூப்பிடச் சொல்லுங்கள். ஆடுவதற்கு முன் கூப்பிட்டால் எல்லாக் கதவும் திறந்திருக்கும். ஒருவர் இரண்டாவது தடவை முறை தவறினால் அப்போதே ஃப்ளோரிடம் சொல்லிவிடுங்கள். போட்டியில் என்றால் அவரைச் சில ஆட்டங்கள் வெளியே உட்காரவைப்பார்கள். கேஷ் கேமில் எச்சரிக்கை கொடுப்பார்கள், மீறினால் எழுந்து போகச் சொல்வார்கள்.

கடைசியாக ஒன்று. நீங்கள் கேட்காத விஷயம், ஆனால் என்னை அதிகம் உறுத்தியது அதுதான். அங்கிருந்து வெளியே வந்ததும், "மனசு ஆறாமல்" வேறொரு காசினோவில் பிளாக்ஜாக் ஆடி விடிவதற்குள் 1,100 டாலர் விட்டதாகவும், அதை மனைவியிடம் சொல்லவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். வராத 400-க்காக மூன்று பக்கம் எழுதிய நீங்கள், கையை விட்டுப் போன 1,100-க்கு ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். ஒரு தடவை நடந்தது என்றால் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இப்படி விட்டதைப் பிடிக்க ஓடுவது முன்பும் நடந்திருக்கிறது என்றால், யாரிடமாவது பேசுங்கள். சூதாட்டப் பிரச்சினைக்கான இலவச உதவி எண் உள்ள துண்டறிக்கையை நெவாடா காசினோக்கள் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. அதில் இருக்கும் எண்ணைக் கூப்பிட்டால் யாரும் பெயரைக் கேட்டு வற்புறுத்த மாட்டார்கள். மனைவியிடம் இந்த 1,100 பற்றி இந்த வாரமே சொல்லிவிடுங்கள், புகார்க் கடிதம் எழுதுவதற்கு முன்பே.

மேலாளரிடமிருந்து பதில் வந்தால் அந்த அறையின் எழுத்து விதியை எனக்கும் அனுப்புங்கள். செத்த கை பற்றி அதில் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.